வார்ப்போர் கையும் ஏற்போர் கலமும்

விருந்தினர்க்கு மது வார்த்தளிப்பதற்கும் ஒரு முறை உண்டு என்று கூறினால், நம்மில் பலருக்கு மேனாட்டு உணவு விடுதிகளே நினைவுக்கு வரும். அங்கே பரிமாறுவோன் திராட்சை மதுப் புட்டியை முதலில் விருந்தளிப்பவரிடம் காட்டுகிறான். பின்னர்ச் சிறிதளவு அவருடைய கிண்ணத்தில் வார்க்கிறான். அவர் முகர்ந்து, சுவைத்து, நன்று என்று தலையசைத்த பின்னரே விருந்தினரின் கிண்ணங்களில் வார்க்கிறான். கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்புவதில்லை. பாதிக்கும் குறைவாகவே வார்ப்பது வழக்கம். பழைய மதுவாயின் அடியில் தங்கிய மண்டி கலங்காதபடி புட்டியை மெல்லச் சாய்க்கிறான். விருந்தளிப்பவரின் கிண்ணம் கடைசியாகவே நிரம்புகிறது. தெளிவு, அளவு, வரிசை ஆகிய இம்மூன்றுமே அந்த முறையின் சாரம் எனலாம்.

இம்மூன்றையும் நம் முன்னோர் அறியாதவர் அல்லர். பனையும் தென்னையும் சுரந்த நீரை இறக்கி, வடித்து, வார்த்து, ஏற்று வாழ்ந்த ஒரு நாகரிகம் நம் தென்கோடியில் நெடுங்காலம் இருந்தது. அதன் சுவடுகள் இன்றும் தெளிவாகத் தெரியும் இடங்களுள் ஒன்று பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியாகும். அந்த எல்லையோரச் சிற்றூர்களை நடுவாக வைத்து, மது வார்த்தலின் வரலாற்றை இங்குச் சுருக்கமாகக் காண்போம். மதுவைப் புகழ்வது நம் நோக்கமன்று. வார்த்த கைகள் யாருடையவை, அவை என்ன மதிப்பைப் பெற்றன என்பதே நாம் முடிவில் வந்து நிற்க வேண்டிய வினா.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழியில் மார்த்தாண்டம், குழித்துறை கடந்தால் களியக்காவிளை வருகிறது. அதுவே தமிழ்நாட்டின் கடைசி ஊர். அதனை அடுத்து இஞ்சிவிளை. பின்னர்ப் பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழி அடிப்படையில் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரையும் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியதுண்டு. எனினும் அவ்வட்டம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே, ஒரே பேச்சும் ஒரே பனையும் ஒரே உறவும் உள்ள மக்களுக்கு நடுவே ஓர் எல்லைக்கோடு விழுந்தது. பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழராகிய நமக்கு, எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட அம்மக்களின் நிலை புரியாததன்று.

இனிச் சொற்களைக் காண்போம். ஒரு பொருளோடு மக்கள் எவ்வளவு நெருங்கிப் பழகினர் என்பதை அப்பொருளுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களே காட்டிவிடும். கள், நறவு, மட்டு, பிழி, தோப்பி, அரியல், தேறல் எனச் சங்க நூல்களில் மதுவுக்குப் பல பெயர்கள் காணப்படுகின்றன. இவற்றுள் சில, செய்முறையையே பெயராகக் கொண்டவை. பிழிந்தெடுத்தது பிழி, அரித்தெடுத்தது அரியல், மண்டி கீழே தங்கித் தெளிந்தது தேறல். அரிப்பதற்கு நார் பயன்பட்டது. இன்று மேனாட்டார் புட்டியைச் சாய்க்கும்போது காட்டும் கவனத்திற்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே ஒரு தனிப்பெயர் இருந்தது என்பது எண்ணத்தக்கது.

செய்முறையைப் புலவர்கள் நேரில் கண்டவர்போல் எழுதியுள்ளனர். அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவைத்து, முளைகட்டிய தானியத்தின் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, பின்னர் விரலால் அலைத்து அரித்தெடுக்கும் முறையைப் பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது. மலைவாழ் மக்கள் தேனை மூங்கிற் குழாயில் இட்டு முதிரச் செய்ததை மலைபடுகடாம் கூறுகிறது. பாரியின் பறம்பு நாட்டில் மண்ணுள் புதைத்து முதிரவைத்த மதுவைப் பற்றிக் கபிலர் பாடியுள்ளார். நிலத்தடியில் வெப்பம் மாறாது என்னும் உண்மை அம்மக்களுக்குத் தெரிந்திருந்தது போலும்.

வெளிநாட்டு மதுவும் இங்கு வந்தது. கிறிஸ்து பிறந்த முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய கடற்பயணக் கையேடு, முசிறித் துறைமுகத்தில் இறக்குமதியான பொருள்களுள் மதுவையும் சேர்க்கிறது. ஆனால் மிகுதியாக அன்று என்றும் குறிக்கிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு நடந்த அகழ்வில் இருபுறமும் கைப்பிடியுள்ள யவனச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. கேரளத்தின் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழ்வுகளிலும் அத்தகைய ஓடுகள் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அச்சாடிகளின் அடிப்பகுதி கூராக இருக்கும். சமதரையில் தாமாக நிற்கமாட்டா. கப்பலின் அடித்தட்டில் நெருக்கமாக அடுக்குவதற்கு அவ்வடிவம் ஏற்றது. கரையில் மணலில் ஊன்றியோ, தாங்கியில் நிறுத்தியோ வைப்பர். கிரேக்கர் அம்மதுவை அப்படியே அருந்துவதில்லை. பெரிய கலத்தில் நீர் கலந்து, குடுவையால் முகந்து வார்ப்பர். நீர் கலவாமல் குடிப்பது நாகரிகமற்றோர் செயல் என்பது அவர்கள் கொள்கை.

யவனர் கொண்டுவந்த அந்த நறுமண மது பாண்டியன் அரண்மனையில் பொற்கலத்தில் ஏந்தி வார்க்கப்பட்டதை, நன்மாறன் என்னும் மன்னனைப் பாடிய நக்கீரர் புறநானூற்றில் குறிக்கிறார். வளையணிந்த மகளிரே அதனை நாள்தோறும் வார்த்தளித்தனர். கரிகாற் பெருவளத்தானிடம் சென்ற பொருநர்க்கும் மகளிர் பொற்கலம் நிறையப் பலமுறை வார்த்துத் தந்தனர் எனப் பொருநராற்றுப்படை கூறுகிறது. அரசன் அவையில் பொற்கலம்; ஊர் மன்றத்தில் மண்கலம். கலம் வேறுபட்டதே ஒழிய, வந்தவன் கலம் வெறுமையாக இருத்தல் இழுக்கு என்னும் எண்ணம் இரண்டிடத்தும் ஒன்றே.

வரிசையைப் பற்றிய செய்தி இன்னும் நுட்பமானது. ஔவையார் பாடிய ஒரு புறப்பாட்டில், மன்னனை நோக்கி, கள்ளை முதலில் இவ்வீரனுக்குத் தந்துவிட்டுப் பின்னர் நீ அருந்துக என்று கூறுகிறார். ஏனெனில், இவ்வீரனின் பாட்டன் அம்மன்னனின் பாட்டனைக் காக்க முன்னின்று உயிர் நீத்தவன். இவனும் நாளை, மழையை மறைக்கும் பனையோலை போல மன்னனை மறைத்து நிற்பான். தலைமுறைக் கடன் ஒன்று, யார் கலத்தில் முதலில் வார்ப்பது என்பதில் தீர்க்கப்படுகிறது. அதியமான் மறைந்தபோது அதே ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டிலும், கள் சிறிதளவே இருந்தால் அதனை எமக்கே தருவான், மிகுதியாக இருந்தால் யாம் பாடத் தானும் உடனிருந்து அருந்துவான் என்னும் பொருள் அமைந்துள்ளது. விருந்தளிப்பவன் கலம் கடைசியில் நிரம்ப வேண்டும் என்னும் மேனாட்டு விதிக்கு இதைவிடச் சிறந்த உரை வேண்டுமோ?

இத்தனையும் கண்ட அதே தமிழ்ச் சமுதாயத்தில்தான் திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். வார்த்துப் போற்றிய மரபும் வார்க்காதே எனத் தடுத்த மரபும் நம்மிடம் பக்கம் பக்கமாகவே வளர்ந்து வந்துள்ளன. நெய்யாற்றங்கரையில் இவ்விரு மரபுகளும் மீண்டும் எதிரெதிரே நின்றதைப் பின்னர்க் காண்போம்.

மன்னர் அவையில் பொற்கலம் ஏந்தியோரைப் புலவர் பாடினர். ஆயின் மரத்தில் ஏறியோரை நினைவில் வைத்தவை வரிக்கணக்குகளே. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு கி.பி. 849ஆம் ஆண்டில் வழங்கிய செப்பேடுகளில், அப்பள்ளிக்கு உரிய குடிகள் செலுத்த வேண்டாத வரிகளின் பட்டியல் ஒன்று வருகிறது. அதில் ஏணிக்காணம் என்பது ஒன்று. மரமேறும் ஏணிக்கு உரிய வரி. குடநாழி என்பது மற்றொன்று; குடம் ஒன்றுக்கு ஒரு நாழி எனக் கள்ளில் கொண்ட பங்கு என்று அறிஞர் விளக்குவர். சோழர் கல்வெட்டுகளிலோ கள் இறக்குவோர் மீதான வரி ஈழம்பூட்சி எனப் பெயர் பெற்றது. ஆக, குடத்திலிருந்து வார்க்கப்பட்ட முதல் நாழி விருந்தினனுக்கும் செல்லவில்லை, ஏறியவனுக்கும் செல்லவில்லை; அரசிறையாகச் சென்றது. பிற்காலத் திருவிதாங்கூரிலும் பனையேறுவோர் மீது பற்பல வரிகள் விதிக்கப்பட்டிருந்தன.

அந்த ஏறுதல் எத்தகையது என்பதை நகரங்களில் வளரும் நம் பிள்ளைகள் அறிதல் நன்று. பனை கிளையற்ற மரம். கால்களை இணைக்கும் தளைநாரும், அடிமரத்தில் சார்த்தி மிதித்தேறும் முருக்குத்தடியுமே துணை. இடையில் பாளை அரிவாள் வைத்த பெட்டியும் குடுவையும் தொங்கும். பாளையைக் கடிப்பால் இதமாக நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவிக் கலயத்தைக் கட்ட வேண்டும். சீவல் தடித்தால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். சீவாது விட்டால் ஊறல் நின்றுவிடும். தை, மாசி தொடங்கி ஆனி வரையிலான பருவத்தில் முப்பது, நாற்பது மரங்களைக் காலையும் மாலையும் ஏறி இறங்கியவர்கள் உண்டு. கை தவறினால் உயிர் மிஞ்சுவது அரிது.

கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். இப்பகுதி மக்கள் அதனை அக்கானி என்பர். சுண்ணாம்பு தடவாவிட்டால் அதே நீர் கள்ளாகிவிடும். காற்றிலும் கலயத்திலும் உள்ள நொதி, இனிப்பைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. சுண்ணாம்பின் காரம் அந்நொதியை வளரவிடாது தடுக்கிறது. விடியலில் இனிக்கும் கள் நண்பகலில் கடுக்கும்; மாலையில் நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு வரை வெறியம் ஏறும்; மறுநாள் புளித்துக் காடியாகும். ஒரு விரல் சுண்ணாம்பே குழந்தைகளும் பருகும் பானத்தையும் மயக்கும் மதுவையும் பிரித்து நிற்கிறது.

இனி, வார்க்கும் முறைக்கு வருவோம். மரத்திலிருந்து இறங்கியதும் குடுவையிலுள்ளதைப் பன்னாடையால் வடிப்பர். ஈ, எறும்பு, பாளைத் துணுக்கு யாவும் பன்னாடையில் தங்கும். நல்லதை விட்டுக் கசடைப் பற்றும் இந்தக் குணத்தைக் கண்டே, கடைமாணாக்கனுக்கு உவமையாக நெய்யரியை நன்னூலார் காட்டினார். வடித்த கள்ளைக் குலுக்கலாகாது; அடியிலுள்ள மண்டி மேலெழும். கலத்தைச் சாய்த்து, உட்சுவரை ஒட்டி ஒழுகுமாறு வார்த்தால் நுரை அடங்கும். உயரத்திலிருந்து வார்த்தால் நுரையே கலத்தை நிறைத்துவிடும். குடத்தின் வாயை இறுக அடைப்பதும் தவறு. நொதிக்கும் கள் ஆவியை வெளிவிட்டுக் கொண்டே இருப்பதால், இறுக மூடிய புட்டி வெடிப்பதுண்டு. அடியில் எஞ்சியதை ஒருபோதும் பிறர்க்கு வார்ப்பதில்லை. புதுக்கள் சிறிது ஆப்ப மாவைப் புளிக்க வைக்கவும் உதவும். பல வீடுகளில் கள் அடுக்களைக்குள் வந்தது அந்த வழியில்தான்.

அக்கானிக்கு உரிய கலம் ஓலைப்பட்டை. பச்சைப் பனையோலையை விரித்து மடித்து, முனையைக் கட்டினால் தோணி வடிவில் ஒரு கலம் அமைந்துவிடும். இரு கைகளாலும் அதனை ஏந்தி நிற்க, வார்ப்பவர் கலயத்தின் வாய் ஓலையில் படாதவாறு வார்ப்பார். பருகி முடிந்ததும் ஓலை எறியப்படும். ஒருவர் எச்சில் மற்றொருவர்க்குச் சேர்வதில்லை. ஏற்ற மரமே பானத்தையும் தருகிறது, கலத்தையும் தருகிறது. பச்சோலையின் மணம் கலந்த அச்சுவையை அறிந்தவர்க்குக் கண்ணாடிக் கோப்பை நிறைவளிப்பதில்லை.

ஆனால் இந்த ஓலைக்கு மற்றொரு முகமும் உண்டு. அதனை மறைத்துவிட்டு வரலாறு பேசுதல் முறையன்று. திருவிதாங்கூரில் பனையேறும் மக்களும் தென்னையேறும் மக்களும் தீண்டாமைக்கும் காணாமைக்கும் உட்பட்டிருந்த காலத்தில், அவர்கள் தொட்ட கலம் பிறரால் தொடப்படுவதில்லை. அவர்கள் இறக்கிய இனிப்பும் காய்ச்சிய கருப்பட்டியும் எல்லா வீடுகளுக்கும் சென்றன. அவர்கள் மட்டும் படியேற இயலவில்லை. ஒருமுறை பருகி எறியும் ஓலை தூய்மைக்கு உதவியது போலவே, விலக்குக்கும் உதவியது. சங்க காலத்து மன்றத்தில் முதற்கலம் மதிப்பின் அடையாளமாயிற்று. இங்கோ எறியப்படும் கலம் இழிவின் அடையாளமாயிற்று. பனையேறிய குலத்துப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகத் தென் திருவிதாங்கூரில் பல்லாண்டுகள் கலகம் நிகழ்ந்து, 1859ஆம் ஆண்டு அரசாணையால்தான் அவ்வுரிமை ஓரளவு கிடைத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நெய்யாற்றின்கரை வட்டத்தில், நெய்யாற்றின் கரையிலேயே அமைந்த ஊர் அருவிப்புறம். அங்கே 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாக நிறுவினார். கோயிலுள் நுழைய இயலாத மக்களுக்கு, அவர்களுள் ஒருவரே கோயில் அமைத்துத் தந்த நிகழ்ச்சி அது. தென்னையேறிக் கள்ளிறக்கும் தொழில் எந்தக் குலத்தின்மேல் சுமத்தப்பட்டிருந்ததோ, அந்த ஈழவக் குலத்தில் பிறந்தவர் அவர். பிற்காலத்தில் தம் மக்களுக்கு அவர் சொன்ன அறிவுரை, மது நஞ்சு என்பதும், அதனை ஆக்கவோ பிறர்க்குக் கொடுக்கவோ அருந்தவோ கூடாது என்பதுமாகும்.

அவ்வறிவுரையில் அருந்துவோனை மட்டும் அவர் கண்டிக்கவில்லை என்பதைக் கருதுதல் வேண்டும். ஆக்குவோனையும் வார்ப்போனையும் சேர்த்தே சொன்னார். வள்ளுவர் பெரும்பாலும் உண்பாரை நோக்கிப் பேசினார். குருவோ வார்க்கும் கையையும் நோக்கிப் பேசினார். ஏனெனில், அந்தக் கை அக்குலத்தை விட்டு அகலாத விலங்காக இருந்தது. ஏறுவதை விட்டுவிட்டால் பள்ளிக்குச் செல்லலாம், நிலம் வாங்கலாம், நெசவும் வாணிகமும் கற்கலாம் என்னும் நம்பிக்கை அவ்வறிவுரையின் உள்ளே இருந்தது. தொழிலைத் துறந்து உயர்ந்தவர் பலர். ஆயினும் மாற்றுத் தொழில் கிடைக்காமல் தொடர்ந்து ஏறியோரும் பலர். இவ்விரு திறத்தாரையும் மதித்தே நாம் இவ்வரலாற்றைப் படித்தல் தகும்.

அடுத்து வந்தது சட்டம். சென்னை மாகாணத்தில் 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948க்குள் மாகாணம் முழுவதும் பரவியது. தமிழ்நாட்டில் 1971இல் தளர்த்தப்பட்டு, பின்னர் மீண்டும் விதிக்கப்பட்டு, மறுபடியும் தளர்ந்து, இறுதியில் 1987 முதல் கள் முற்றாகத் தடை செய்யப்பட்டது. கேரளத்திலோ 1967இல் மதுவிலக்கு நீக்கப்பட்டது. 1996இல் சாராயம் தடைபட்டபோதும் கள் உரிமம் பெற்ற கடைகளில் தொடர்ந்து வார்க்கப்படுகிறது. ஆகவே களியக்காவிளைக்குக் கிழக்கே குற்றமாகும் அதே கலயம், இஞ்சிவிளைக்கு மேற்கே உரிமத்தோடு தொழிலாகிறது. கலயத்துக்குள் இனிப்பையும் மயக்கையும் பிரித்தது ஒரு விரல் சுண்ணாம்பு. கலயத்துக்கு வெளியே குற்றத்தையும் தொழிலையும் பிரித்தது 1956ஆம் ஆண்டு வரையப்பட்ட கோடு. மரத்துக்கு இவ்விரண்டும் தெரியா.

இன்று அந்த வட்டாரத்தில் பனைகள் அருகிவிட்டன. மேட்டு நிலங்களில் ரப்பர் படர்ந்தது. ஏறுவோரின் பிள்ளைகள் கற்று வேறு தொழில்களுக்குச் சென்றனர். இரண்டாவது காரணத்திற்காக நாம் மகிழவே வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனையை, மாவட்ட ஆட்சியரின் இசைவின்றி வெட்டலாகாது என 2021இல் அரசு அறிவித்தது. மரத்தைக் காக்க ஆணை போதும். சீவல் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், கலத்தை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்னும் கையறிவை ஆணையால் காக்க இயலாது. அது ஏறும் கைக்கு ஊதியமும் மதிப்பும் தரும் நாட்டில்தான் நிலைக்கும்.

தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நாம், மோரையும் காப்பியையும் தண்ணீரையும் நாள்தோறும் வந்தவர்க்கு வார்த்தே தருகிறோம். நாம் மேலே கண்ட மரபில் விலக்க வேண்டியதும் உண்டு, கொள்ள வேண்டியதும் உண்டு. மயக்கும் பானத்தை விலக்குதல் வள்ளுவரும் குருவும் காட்டிய வழி. தெளிந்ததையே வார்த்தல், அளவறிந்து வார்த்தல், வந்தவர்க்கு முதலில் வார்த்தல் ஆகியவை ஔவையார் காலத்திலிருந்து வந்த வழி. அவற்றோடு நாம் சேர்க்க வேண்டியது ஒன்றே. வீட்டில் பணிபுரிபவருக்கு ஒரு கலம், விருந்தினருக்கு ஒரு கலம் என்னும் வேற்றுமை நம் இல்லங்களில் இருக்குமாயின், அதனை இன்றே நீக்குவோமாக. கலத்தைப் பிரித்து வைத்ததால் எத்தனை தலைமுறைகள் துன்புற்றன என்பதைப் பாறசாலையின் பனைகள் நெடுங்காலம் கண்டவை.